கூடாரத்துப் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பள்ளிக்கூடம்?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். மூன்று வாரமாக எங்கள் ஊர் மைதானத்தில் சர்க்கஸ் நடக்கிறது. பத்து நாளைக்கு முன்பு ஒரு பெண்மணி ஒன்பது வயதுச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "இருக்கிற வரைக்கும் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் டீச்சர்" என்றார். அம்மா ஜிம்னாஸ்டிக், அப்பா மோட்டார் சைக்கிள் கூண்டு. பிள்ளை ரிங்கில் இறங்குவதில்லை என்று நான் கேட்காமலே இரண்டு முறை சொன்னார்.

அம்மாவிடம் மலையாளம், கூடாரத்தில் இந்தி, கடைத்தெருவில் தமிழ் என்று மூன்றும் பேசுகிறாள். எழுதத் தெரிந்தது கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் இந்தி. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்ற நிலைக்கு ஏற்பக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். கணக்கில் இவள் மலர். தமிழில் அரும்புக்கும் முந்தைய நிலை. புத்தகப் பையைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள், மடியிலேயே வைத்திருக்கிறாள். முதல் நாள் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இந்த ஊரில் தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள்?"

எமிஸ் எண், அதாவது அரசின் கல்விப் பதிவேட்டில் மாணவருக்குத் தரும் எண், இல்லை. மாற்றுச் சான்றிதழ் இல்லை. இன்னும் பதினாறு நாளில் முகாம் கிளம்பிவிடும். அதற்குள் இவளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? இப்படி வளர்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

---

மைதானத்தான் எழுதியது:

சர்க்கஸ் இன்னும் நடக்கிறதா! சின்ன வயதில் மதுரை தமுக்கத்தில் பார்த்ததோடு சரி. சிங்கத்தின் வாயில் தலையை விடுவார் ஒருவர். இப்போது என்ன காட்டுகிறார்கள், நாயும் கிளியுமா?

---

கரும்பலகை எழுதியது:

மைதானத்தான் அய்யா, நான் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் போய்விட்டு வந்து கதை கதையாகச் சொல்கிறார்கள். கேட்டதற்கு யாராவது பதில் சொன்னால் நல்லது.

---

கம்பத்தடி எழுதியது:

டீச்சர், உங்கள் பதிவைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நான் சர்க்கஸில் பிறந்தவள். 1971. அப்பா வட ஆற்காட்டுக்காரர், கூடாரம் கட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அம்மா கண்ணூர்ப் பக்கம். சைக்கிளும் கம்பி நடையும் அவருடைய ஐட்டம். எங்கள் கம்பெனியின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை.

உங்கள் மாணவி தண்ணீரைக் கேட்டது எனக்கு வியப்பாக இல்லை. நாங்கள் ஊரை நினைவில் வைத்துக்கொள்வதே தண்ணீரை வைத்துத்தான். உப்புத் தண்ணீர் ஊர், லாரித் தண்ணீர் ஊர், கிணறு பக்கத்தில் இருந்த ஊர். கோயில், கடைவீதி எல்லாம் அதற்குப் பிறகு. மைதானத்துக்கு வண்டி வந்து நின்றதும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் வேலை குடத்தை எடுத்துக்கொண்டு குழாயைத் தேடுவது. பை மடியில் இருப்பதற்கும் காரணம் இதுதான். கீழே வைத்த பொருள் கிளம்பும்போது விட்டுப்போய்விடும்.

கிளம்புகிற இரவைச் சொல்கிறேன். கடைசி நாள் ஏழு மணி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பாவின் ஆட்கள் பின்னால் ஆளில்லாத கேலரிப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். கூட்டம் வெளியே போன பின்பு கூடாரத் துணியை இறக்குவார்கள். மழையில் நனைந்த துணியென்றால் இரட்டிப்புக் கனம், அப்பாவின் வாயில் வராத வசவு இருக்காது. நாங்கள் உடுப்புப் பெட்டிகளின் மேல் தூங்கிக்கொண்டிருப்போம். விடிந்து பார்த்தால் மைதானத்தில் முளை அடித்த குழிகளும், ரிங் இருந்த இடத்தில் வட்டமாக மரத்தூளும்தான் இருக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். சொல்லிக்கொண்டு வந்த பள்ளிக்கூடங்கள் குறைவு.

பயிற்சி காலை ஆறு மணிக்கு. ஐந்து வயதில் ஆரம்பித்தேன். மரத்தூள் பனியில் நனைந்து யானைச் சாணத்தோடு சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். எங்கேயாவது மரக்கடையைத் தாண்டினால் எனக்கு இன்றும் வயிறு பிசைகிறது. அம்மா என் இடுப்பில் தோல் பட்டையைக் கட்டுவார். அதில் கோத்த கயிறு மேலே கப்பி வழியாகப் போய் அப்பாவின் கையில் முடியும். விழுந்தால் அது பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். அப்பா சுற்ற மாட்டார். சுற்றினால் கை தூங்கிவிடும் என்பார். எட்டு வயதில் ஓடும் சைக்கிளில் அம்மாவின் தோள்மேல் ஏறி நின்றேன். ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம், ஒரு மணி, நாலு மணி, ஏழு மணி. ஒரு மணி ஆட்டத்தில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், பள்ளிக்கூடத்துக்காக. இது அம்மா முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கியது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1981 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து 90 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள். நாங்கள் அப்போது வேறு மாநிலத்தில் இருந்தோம். செய்தி வந்த அன்றே அம்மா எங்கள் சின்னக் கூடாரத்திலிருந்த ஸ்டவ்வை வெளியே தூக்கிவைத்தார். அதற்குப் பிறகு மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வெளியேதான் சமையல். குடை பிடிப்பது என் வேலை.

இனி பள்ளிக்கூடம். எண்ணிப் பார்த்ததில் இருபத்து மூன்று. ஷோலாப்பூர், ஹூப்ளி, கர்னூல், விழுப்புரம் என்று போகும். ஒரு மாதம் கன்னடம், அடுத்த மாதம் தெலுங்கு, பிறகு மராத்தி. எழுத்துகளைப் பஸ் பலகையில்தான் கற்றேன். ஊர்ப் பெயர் தெரியும் என்பதால் எந்தக் கிறுக்கல் எந்த ஒலி என்று பிடித்துவிடலாம். வாய்ப்பாடு மட்டும் அம்மா மலையாளத்தில் சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கும் கடையில் கணக்குப் போட்டால் உதடு மலையாளத்தில்தான் அசையும். உங்கள் பெண் கணக்கில் மலர் என்கிறீர்களே, அதன் ரகசியமும் இதுவாகத்தான் இருக்கும். ஊருக்கு ஊர் மாறாதது அது ஒன்றுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதினாறு நாளில் தமிழ் எழுத்து முழுவதையும் ஏற்றப் பார்க்காதீர்கள். அவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். ஹூப்ளியில் ஒரு தலைமையாசிரியர், சான்றிதழ் தர முடியாது என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் தாளில் ஐந்து வரி எழுதி முத்திரை குத்தித் தந்தார். இந்தப் பெண் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இங்கே படித்தாள், கணக்கில் இதுவரை தெரியும், வாசிப்பில் இந்தப் பாடம் வரை வந்தாள். அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு அப்பா போகிற ஊரிலெல்லாம் அப்படியே கேட்டு வாங்க ஆரம்பித்தார். பால் பவுடர் டப்பாவில் சுருட்டிவைத்த கடிதங்கள் பதினான்கு. பதினாறு வயதில் கணுக்கால் போய் நான் சர்க்கஸை விட்டபோது, மூன்று பள்ளிகளில் வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவது இடத்தில் ஒரு தலைமையாசிரியை அந்தத் தாள்களை மேசையில் பரப்பினார். பாதி எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. தேதியையும் முத்திரையையும் மட்டும் வரிசையாகப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்பில் உட்காரச் சொன்னார்.

---

வழக்குக்கட்டு எழுதியது:

கம்பத்தடி அம்மா சொன்ன கடிதம் நல்ல வழி. சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. தாமதமாக வந்தாலும் அப்படியே. வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஆகவே டீச்சர் செய்தது கருணை அல்ல, கடமை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த அம்மா "ரிங்கில் இறங்குவதில்லை" என்று இரண்டு முறை சொன்னதற்கும் காரணம் உண்டு. 2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. பிறகு 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்கள் சினிமா, விளம்பரம், தொலைக்காட்சித் தொடர், விளையாட்டு ஆகியவற்றில் நிபந்தனைகளோடு கலந்துகொள்ளலாம். அந்த வரியின் முடிவில் "சர்க்கஸ் தவிர" என்று இருக்கிறது.

---

ஊர்சுற்றி எழுதியது:

இந்த "தவிர"தான் எனக்குப் புரியவில்லை. சினிமாவில் பச்சைக் குழந்தையை விளக்கு வெளிச்சத்தில் வைத்து எடுக்கலாம். எங்கள் எதிர்வீட்டுப் பையனை நீச்சல் பயிற்சிக்கு நாலே முக்காலுக்கு எழுப்பி இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவன் அழுவது தெருவுக்கே கேட்கிறது. அதற்குப் பெயர் திறமை வளர்ப்பு. அம்மா கம்பியில் நடக்கிறவர் என்றால் மகள் அதைக் கற்றுக்கொள்வது மட்டும் குற்றமா? தச்சர் மகன் உளி பிடித்துப் பழகுவதில்லையா? ஒரு கலையைச் சட்டம் போட்டே சாகடித்துவிட்டார்கள். 1998 அறிவிக்கையில் சிங்கம், புலி, கரடி, குரங்கு போயிற்று, பிறகு யானை போயிற்று, கடைசியில் பிள்ளைகளும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஜோக்கரும் கடன்காரனும்.

---

எல்லைக்கல் எழுதியது:

ஊர்சுற்றி, மிருகத்தையும் பிள்ளையையும் ஒரே பட்டியலில் போட்டீர்களே, அதை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள்.

நான் சில வருடம் கோரக்பூர் பக்கம் ஒரு தொண்டு அமைப்பில் வேலை பார்த்தேன். சர்க்கஸ்களிலிருந்து மீட்கப்பட்ட நேபாளப் பெண் பிள்ளைகளை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கொஞ்சம் பங்கு உண்டு. மக்வான்பூர் மாவட்டம், ஹேதௌடா சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அதிகம். தரகன் வீட்டுக்கு வருவான், நல்ல சாப்பாடு, ஊர் சுற்றலாம், பேர் வரும் என்பான். எழுதப் படிக்கத் தெரியாத அப்பன் ஒரு தாளில் கைநாட்டு வைப்பான். வருடக் கணக்கில் ஒப்பந்தம், நடுவில் கூட்டிப்போனால் அபராதம். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள். பெற்றோர் முகமே மறந்துபோய், தாய்மொழியும் பாதி மறந்துபோய்த் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தச்சர் மகன் உவமை அங்கே செல்லாது.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் சொல்வேன். மீண்டு வந்தவர்களில் சிலர் காத்மாண்டுவில் தாங்களே ஒரு சர்க்கஸ் குழு அமைத்தார்கள். வித்தை மேல் அவர்களுக்கு வெறுப்பு இல்லை.

---

கம்பத்தடி எழுதியது:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் கூடாரத்திலும் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பது பேர். எனக்குப் பதின்மூன்று வயது, அவர்களில் மூத்தவளுக்கும் அவ்வளவுதான் இருக்கும். ஒரே கூடாரத்தில் வரிசையாகப் படுப்பார்கள், வாசலில் ஒரு கிழவி காவல். நாங்கள் சாப்பிட்ட அதே மெஸ்ஸில்தான் சாப்பிட்டார்கள், அதே ரிங்கில்தான் ஆடினார்கள். ஆகவே நாங்கள் எல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கயிற்று வேலி ஓரம் நிற்பார்கள். என் நோட்டைப் பிடுங்கிப் புரட்டுவார்கள். ஒரு வரி வாசிக்கத் தெரியாது. சிவப்பு மையில் டீச்சர் போட்ட சரி அடையாளத்தை எண்ணுவார்கள். இத்தனை சரி, இத்தனை தப்பு. அதுதான் அவர்களுக்கு விளையாட்டு.

அப்பா கயிறு பிடிப்பதைச் சொன்னேன் அல்லவா? அவர்களுக்கு யார் பிடிப்பார்கள் என்றால், அந்த நேரத்தில் யார் கை காலியோ அவர். ஒருநாள் காலைப் பயிற்சியில் சின்னவள் ஒருத்தி அடுக்கு நாற்காலியின் மேலிருந்து வழுக்கினாள். கயிறு பிடித்தவன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவள் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. கத்தினால் யாரும் வர மாட்டார்கள் என்று அவளுக்குப் பழகியிருந்தது. ஏழு மணி ஆட்டத்தில் எட்டுப் பேர் ஆடினார்கள். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. நானும் கைதட்டல் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

என் பிள்ளைப் பருவம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது சர்க்கஸ் கொடுத்ததல்ல, கயிற்றின் மறுமுனையில் அப்பா இருந்ததால் கிடைத்தது. சட்டம் எழுதுகிறவர் எந்தக் கயிற்றை யார் பிடித்திருக்கிறார் என்று போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "சர்க்கஸ் தவிர" என்று எழுதியதில் எனக்கு வழக்கு இல்லை, ஊர்சுற்றி தம்பி. ரிங்கிலிருந்து இறக்கிவிட்ட பிள்ளைக்கு மைதானத்துக்கு எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் வேண்டாமா என்பதுதான் என் சண்டை. இறக்கியவர்கள் அதற்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் காலத்தில் காலையில் பயிற்சியாவது இருந்தது. இப்போது அந்தப் பிள்ளைகள் கூடாரத்துக்குப் பின்னால் கைப்பேசி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

---

ஊர்சுற்றி எழுதியது:

அம்மா, நான் எழுதியது அவசரப்பட்டு எழுதியது. அந்த வேர்க்கடலையை இனி மறக்க முடியாது.

---

மாஹிப்பாலம் எழுதியது:

நான் தலச்சேரியில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரன். கேக், கிரிக்கெட், சர்க்கஸ் மூன்றும் எங்கள் ஊரிலிருந்துதான் என்று இங்கே எல்லாரும் பெருமை பேசுவார்கள். கேக்கைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, தினமும் தின்கிறேன்.

சர்க்கஸின் தொடக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம்தான் இருக்கிறது என்பது இந்த இழைக்குப் பொருத்தம். 1880இல் மராட்டியர் விஷ்ணுபந்த் சத்ரே முதல் இந்திய சர்க்கஸைத் தொடங்கினார். அவர் தலச்சேரிக்கு வந்தபோது, பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். களரி தெரிந்தவர். 1901இல் குஞ்ஞிக்கண்ணன் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக் கூடம் ஆரம்பித்தார். அவருடைய சீடர்களும் சீடர்களின் சீடர்களும்தான் பிறகு நாடு முழுக்கக் கூடாரம் போட்டார்கள். 2010இல் கேரள அரசு இங்கே ஒரு சர்க்கஸ் அகாடமி திறந்தது. சில வருடத்தில் மூடியும்விட்டது.

என் கடைக்கு வரும் பழைய ஆட்கள் பலர் பிள்ளைகளைக் கூடவே வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து வயதானதும் பாட்டி வீட்டில் விட்டுவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது. ஒரு கிழவர் என்னிடம் சொன்னார், "என் மகன் வங்கியில் மேலாளர். நான் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பான், வாடிக்கையாளருக்கு எழுந்து நிற்பதுபோல." கம்பத்தடி அம்மாவின் தாயார் அப்படி விடாதது பெரிய விஷயம்.

---

கம்பத்தடி எழுதியது:

விட்டுப் பார்த்தார். மூன்று மாதம் பாட்டி வீட்டில் இருந்தேன். சிங்கம் கர்ஜிக்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று பாட்டியே கடிதம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

---

பறையொலி எழுதியது:

எல்லாரும் பெரிய கூடாரத்தையே பேசுகிறீர்கள். சந்தைக்கு வெளியே நாலு மூங்கிலை நட்டு, கயிறு கட்டி, ஏழு வயதுப் பெண்ணை ஏற்றிவிட்டு அப்பன் கீழே கொட்டு அடிக்கும் கழைக்கூத்தாடிக் குடும்பத்தை யார் கணக்கில் எடுப்பது? கயிறாடும் ஆரியரின் பறை குறுந்தொகையிலேயே கேட்கிறது, அவ்வளவு பழைய தொழில். அவர்களுக்கு வலையும் இல்லை, இடுப்புக் கயிறும் இல்லை, முப்பது நாள் தங்குகிற மைதானமும் இல்லை. ஒரு ஊரில் இரண்டு நாள். டீச்சர் கடிதம் எழுதுவதற்குள் அடுத்த சந்தைக்குப் போயிருப்பார்கள்.

---

கரும்பலகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பறையொலி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு சந்தேகம், கம்பத்தடி அக்கா. வகுப்புப் பிள்ளைகள் அவளைப் பின்னால் வளைந்து காட்டு, கையால் நட என்று நச்சரிக்கிறார்கள். நேற்று மைதானத்தில் செய்தும் காட்டினாள், எல்லாரும் கைதட்டினார்கள். தன்னம்பிக்கை வரும் என்று ஆண்டு விழாவில் ஒரு நிகழ்ச்சியாகவே வைக்கலாமா என்று தலைமையாசிரியர் கேட்கிறார்.

---

கம்பத்தடி எழுதியது:

வேண்டாம் டீச்சர். என்னை இருபத்து மூன்று பள்ளிக்கூடத்திலும் வளையச் சொன்னார்கள். வளைந்த பிறகு நான் யாருக்கும் தோழி இல்லை, காட்சிப் பொருள்தான். மணி அடித்ததும் அவர்கள் போய்விடுவார்கள். ஒரே ஓர் ஊரில் ஒரு பெண் என்னைப் பாண்டி ஆடக் கூப்பிட்டாள். எனக்கு ஆடத் தெரியவில்லை, கோட்டை மிதித்து மிதித்துத் தோற்றேன். அவள் பெயர் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. உங்கள் பெண்ணுக்குத் தெரியாத விளையாட்டு எதுவோ அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

நேற்று இரவு முகாம் கிளம்பிவிட்டது. அடுத்தது ஆந்திரப் பக்கம் என்றார்கள். அவள் சொல்லிக்கொண்டுதான் போனாள்.

பாண்டி ஆட வைத்தேன். ஜிம்னாஸ்டிக் செய்கிறவர் மகள் நொண்டி அடிக்கத் தடுமாறுவாள் என்று யார் நினைத்தது? நன்றாகத் தோற்றாள். கடைசி வாரம் பை பெஞ்சுக்கு அடியில் இருந்தது.

கடிதம் எழுதினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு படி, தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை. வந்த தேதி முதல் கிளம்பிய தேதி வரை இருபத்தாறு நாள். தமிழில் உயிரெழுத்தும் இருபது சொற்களும் வாசிப்பாள். கழித்தல், கடன் வாங்கிக் கழித்தல் தெரியும். வாய்ப்பாடு ஆறு வரை. அம்மாவிடம் கொடுக்கும் முன்பு அவளிடம் வாசித்துக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஏழும் எனக்கு வரும். நீங்கள் கேட்கவில்லை" என்றாள்.

கேட்டேன். மலையாளத்தில் சொன்னாள், பதினாறு வரைக்கும். எனக்கு மலையாளம் தெரியாது, விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தேன். பிறகு ஆறை அடித்து ஏழு என்று எழுதினேன். அடித்துத் திருத்திய தாளை யார் நம்புவார்கள் என்று அவளே சொன்னதால், புதிதாக இரண்டு படி எழுதி மறுபடியும் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.